போர்க்காலக் கொள்முதல் அறிக்கையை எப்படிப் படிப்பது?

இருபத்தாறு வருடம் கூட்டுறவுப் பண்டகசாலைகளின் கணக்கைத் தணிக்கை செய்தவன் நான். ராணுவக் கணக்கைப் படிக்கவும் அதே கண் போதும். கார்கில் போருக்கான கொள்முதல் பற்றி சி.ஏ.ஜி., அதாவது அரசுக் கணக்குகளைச் சரிபார்க்கும் தலைமைத் தணிக்கையாளர், 2001-ல் கொடுத்த அறிக்கையை வைத்தே சொல்கிறேன்.

தொகையை அப்புறம் பார்க்கலாம், முதலில் தேதி. ஒரு தாளின் நடுவே 26 ஜூலை 1999 என்று எழுதிக் கோடு கிழியுங்கள். சண்டை முடிந்த நாள் அது. ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கையெழுத்தான தேதியையும் சரக்கு வந்த தேதியையும் கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்து எழுதிக்கொண்டே வாருங்கள். 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கொள்முதலில் ஏறக்குறைய எல்லாச் சரக்கும் கோட்டுக்குக் கீழேதான் விழும். முதல்முறை இப்படிக் குறித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவசரம் என்று சொல்லித்தானே விதிகளைத் தளர்த்தினார்கள்? பனியில் நின்று சண்டை போட்ட பையன்களுக்கு அது போய்ச் சேரவே இல்லையே.

அடுத்தது விலை. இதே பொருளை முன்பு என்ன விலைக்கு வாங்கினார்கள், வேறு யாரிடம் விலை கேட்டார்கள் என்று தேடுங்கள். ஒரே ஆளிடம்தான் கிடைக்கும் என்கிற பொருளில் இன்னும் கவனமாக இருங்கள். அமெரிக்காவில் டிரான்ஸ்டைம் என்ற உதிரிபாக நிறுவனத்தின் 47 பாகங்களைப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் சோதித்தது. 15 சதவீத லாபம் நியாயம் என்று வைத்துப் பார்த்தும் 46 பாகங்களில் மிகை லாபம். 2019-ல் அது வெளிவந்ததும் நிறுவனம் 1.61 கோடி டாலரைத் திருப்பிக் கொடுத்தது.

பிறகு, கேட்டது என்ன, வந்தது என்ன? மறுபடி கார்கில் அறிக்கைக்கே வருகிறேன். இறந்த வீரர்களின் உடலைக் கொண்டுபோக 2,500 டாலர் வீதம் 500 அலுமினியப் பெட்டிகளுக்கு ஆர்டர் போனது. 18 கிலோ இருக்கவேண்டிய பெட்டி 55 கிலோ இருந்தது. இந்த வரியை மட்டும் நான் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் நிதானம் வேண்டும். தணிக்கைக் குறிப்பு குற்றத்தீர்ப்பு ஆகாது. அந்தப் பெட்டி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களை 2013-ல் சிறப்பு நீதிமன்றம் ஆதாரம் இல்லை என்று விடுவித்துவிட்டது. அதனால் உங்கள் தாளில் ஆட்களின் பெயரை எழுதாதீர்கள். தேதி, விலை, எடை, அதற்கு அமைச்சகம் சொன்ன பதில், இந்த நான்கு போதும். பதில் இல்லாத இடத்தைக் காலியாகவே விடுங்கள். உங்கள் எம்.பி.யிடம் கேட்கவேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கிறது.