சோழர் வீழாமல் இருந்திருந்தால்: மாற்று வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவொற்றியூரில் நடக்கும் எங்கள் வாசகர் வட்டத்துக்குப் புதிதாக வரும் இளைஞர்களில் பலர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: சோழப் பேரரசு வீழாமல் இருந்திருந்தால்? காசிமேட்டிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் அவர்கள் எழுதிக் கொண்டுவரும் கதைகளில், நான் எழுதத் தொடங்கிய காலத்துப் பிழைகளே மறுபடி மறுபடி தலைகாட்டுகின்றன. ஆண்டை மாற்றிப் போடுவது, இரண்டாம் ராஜராஜனையும் மூன்றாம் ராஜராஜனையும் குழப்பிக்கொள்வது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒரு மாலை உட்கார்ந்தால் அவற்றைத் திருத்திவிடலாம். கதையின் அடித்தளத்தையே அரிக்கும் தவறுகள் வேறு.

மெய்க்கீர்த்தியை மட்டும் நம்புவது

கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் மெய்க்கீர்த்தி அரசனைப் புகழ எழுதப்பட்டது. அதில் தோல்வி இருக்காது. 1231-இல் மூன்றாம் ராஜராஜனைக் காடவர் குலச் சிற்றரசன் கோப்பெருஞ்சிங்கன் தெள்ளாற்றுப் போரில் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். இதை நமக்கு விரிவாகச் சொல்வது, அரசனை மீட்க வந்த கர்நாடகத்து ஹொய்சளத் தளபதிகளின் செயலைப் பதிவு செய்யும் திருவயிந்திரபுரத்துக் கல்வெட்டு. எதிரியின் கல்லையும் நண்பனின் கல்லையும் சேர்த்துப் படியுங்கள்.

முதலாம் ராஜேந்திரன் 1025-இல் கடாரத்துக்கு அனுப்பிய கப்பல்களை 1225-க்கு ஓட்டிவருவது

வேண்டாம்.

ஒரு போரை மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவது

இதுதான் இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு. அண்மையில் ஒரு கல்லூரி மாணவர் தெள்ளாற்றுப் போரைப் பற்றி எழுதி வந்தார். புழுதியும் யானைகளும் கண்முன் நின்றன. அவருடைய கதையில் ராஜராஜன் வெல்கிறான், கோப்பெருஞ்சிங்கன் சாகிறான். அடுத்த அத்தியாயம் 1498. வாஸ்கோ ட காமா சோழனிடம் கைகட்டி நிற்கிறான். இடையில் 267 ஆண்டுகள் எங்கே போயின? வென்ற மறுநாள் காலை அந்தப் படைக்கு யார் சோறு போட்டார்கள் என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

பதில் கதைக்கு வெளியே, நாட்டில் இருந்தது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்திலேயே சம்புவராயர், காடவராயர், மலையமான் முதலிய சிற்றரசர்கள் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். உனக்குப் பகைவன் எனக்கும் பகைவன் என்ற வகையிலான ஒப்பந்தங்கள் அவை. அரசனைக் கேட்காமலே அவற்றைக் கோயில் சுவரில் வெட்டிவைக்கும் துணிவும் அவர்களுக்கு இருந்தது. வரியும் ஆளும் அவர்கள் கையில் இருந்தன. தெள்ளாற்றில் ஒரு கோப்பெருஞ்சிங்கன் செத்தால், அந்த இடத்துக்கு வர இன்னொருவன் காத்திருந்தான்.

வெளியிலும் நிலை அதுதான். சோழர் கையிலிருந்த தலைக்காடு 1116 வாக்கில் ஹொய்சள விஷ்ணுவர்த்தனனிடம் போய்விட்டது. ஆந்திரத்து வேங்கியிலும் பிடி தளர்ந்தது. 1205 வாக்கில் மதுரையை வென்ற மூன்றாம் குலோத்துங்கன் பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்தான். அந்த அவமானத்துக்கு மாறவர்மன் சுந்தர பாண்டியன் பழிதீர்த்தான். தஞ்சையையும் உறையூரையும் எரித்து, இடித்த இடத்தைக் கழுதை பூட்டி உழுதான். பட்டினப்பாலை பாடிய புலவருக்குச் சோழன் பரிசாகக் கொடுத்த பதினாறு கால் மண்டபம் ஒன்றை மட்டும் விட்டுவைத்தான். பிறகு சோழ நாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ‘சோணாடு வழங்கியருளிய’ என்று அதையும் பட்டமாகச் சூட்டிக்கொண்டான். சோழனின் உதவிக்கு வந்த ஹொய்சளரும் சும்மா திரும்பவில்லை. திருவரங்கத்துக்கு அருகே கண்ணனூரிலேயே தங்கிவிட்டார்கள். 1231-ஐ மாற்றினால் இவற்றில் எது மாறும்?

இப்படிப்பட்ட சரிவு வெளியே தெரியாது என்பதற்குச் சான்று எங்கள் ஊரிலேயே இருக்கிறது. திருவொற்றியூர்த் தேரடியில் இறங்கித் தியாகராசர் கோயிலுக்கு நடந்தால் போதும். முதலாம் ராஜேந்திரன் காலத்தில் கருங்கல்லால் எடுத்த கருவறை அது. மூன்றாம் ராஜராஜன் தன் 19-ஆவது ஆட்சியாண்டில், அதாவது சிறை மீண்டு ஏறக்குறைய நான்கு ஆண்டுகளில், இங்கே ஆவணித் திருநாளுக்கு வந்திருக்கிறான். ‘ராஜராஜன் திருமண்டபம்’ என்ற மண்டபத்தில் அமர்ந்து ‘உறவாக்கின தலைக்கோலி’ என்பவரின் பாடலைக் கேட்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. திருவிழா குறையில்லாமல் நடக்கிறது, அரசன் வந்திருக்கிறான், ஆட்சியாண்டு அவன் பெயரில் ஓடுகிறது. அவன் சொல்லுக்குக் கட்டுப்படாத சிற்றரசர்களும் அதே ஆட்சியாண்டைப் போட்டுத்தான் கல்வெட்டினார்கள். ஒரு நல்ல கதாசிரியர் இந்த மண்டபத்தில் தொடங்கலாம். மாணவர்களை அங்கே நிறுத்தி இதைச் சொல்லும்போது, அவர்கள் போர்க்களத்தை விட்டு வரிக்கணக்கைப் பற்றிக் கேட்கத் தொடங்குகிறார்கள்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் முன்னால் போய் மாற்றுங்கள். 1160-களின் பாண்டிய வாரிசுப் போரில் சோழர் தலையிடாமல் இருந்திருந்தால்? மதுரையில் குலோத்துங்கன் மண்டபத்தை இடிக்காமல், மணவுறவோடு திரும்பியிருந்தால்? அப்போதும் பாண்டியர் எழுவார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் பழிவாங்கும் வேகம் குறைந்து, ஹொய்சளரை அழைக்கும் தேவை தள்ளிப்போயிருக்கலாம். அந்த இடைவெளியில் சிற்றரசர்களை அரசன் எப்படி வழிக்குக் கொண்டுவந்தான் என்று எழுதினால் அது கதை.

1279-இல் எல்லாம் இடிந்தது என்று எழுதுவது

மூன்றாம் ராஜேந்திரனோடு சோழ மரபு முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகும் கோயில்களில் விளக்கு எரிந்தது. ஏரிகளில் மதகு திறந்தது.

மாலிக் காபூரை மறந்துவிடுவது

உங்கள் சோழன் 1279-ஐத் தாண்டிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். 32 ஆண்டுகளில், 1311-இல், தளபதி மாலிக் காபூரோடு தில்லி சுல்தானின் குதிரைப்படை தெற்கே வந்துவிடும். சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காக அடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அது வந்தது. உங்கள் கதையில் மூன்றாவதாக ஒரு சோழனும் அந்தச் சண்டையில் நிற்பான்; அவன் யார் பக்கம்? தெற்கத்திப் படைகளுக்கு வேண்டிய அரபுக் குதிரைகள் பெருமளவில் பாண்டியரின் காயல் துறைமுகத்தில்தான் இறங்கின. காயல் சோழன் கையில் இல்லையென்றால் அவனுக்குக் குதிரை எங்கிருந்து வந்தது, விலையை எந்த ஊர் வரியிலிருந்து கொடுத்தான் என்பதையும் எழுதிக் கொண்டுவாருங்கள்.