ஊறுகாய்ப் பை ஒழுகுகிறதா?

திருகோணமலையில் வீட்டில் தேசிக்காய் ஊறுகாய் போட்டு, நிற்கும் பையில் அடைத்து விற்பவர்களுக்கு: பை ஒழுகினால் சீல் மெஷினைத் திட்டாதீர்கள் (நானும் முதலில் அதைத்தான் செய்தேன்). பையின் வாயோரத்தைத் தடவிப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் உள்பக்கப் பொலித்தீன் உருகினாலும் சரியாக ஒட்டாது. நீளக் கழுத்துப் புனலை உள்ளே இறக்கி நிரப்புங்கள். மேலே மூன்று விரல் அகலம் வெறுமையாக இருக்கட்டும்.

கரண்டியால் அள்ளும் சாமானுக்கு ஒடுங்கிய உயரப் பை வேண்டாம், கையெல்லாம் எண்ணெயாகும். அகலமாக, குட்டையாக எடுங்கள். மூலையில் மூடி பொருத்திய பை, கித்துள் பாணி (கித்துள் பனைப் பாகு) போல ஊற்றும் சாமானுக்குத்தான் சரி.

கிண்ணியா பஸ்ஸில் ஏற்றுமுன் ஒரு பையைப் பேப்பரில் படுக்கவைத்து, மேலே ஒரு கிலோ சீனியை ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். காலையில் பேப்பரில் எண்ணெய் வட்டம் தெரிந்தால் அந்தத் தொகுதியை அனுப்பாதீர்கள்.