கமெண்டில் கேட்பதையெல்லாம் எடுத்தால் கை ஓயும்

பழைய வால்வு ரேடியோக்களுக்காகத்தான் என் யூடியூப் சேனலைத் தொடங்கினேன். ஒரு நாள் வீட்டு மிக்ஸி ஜார் ஒழுகியது. ஜாரின் அடியில் பிளேடு சுழலும் தண்டைத் தாங்கும் புஷ்ஷை மாற்றியதை அப்படியே எடுத்துப் போட்டேன், அது பிய்த்துக்கொண்டு ஓடியது. அப்புறம் கமெண்டில் கேட்டபடி எட்டு மாதம் மிக்ஸிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைபாடை விரித்து, லைட்டைப் போட்டு, மிக்ஸி மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷைக் கையில் வைத்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ரெக்கார்ட் பட்டனை அழுத்த மனம் வரவில்லை.

இந்த நிலைக்கு வரும் பலர் தங்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

நான் செய்த பெரிய தவறு, கேட்டதைக் கேட்டபடியே கொடுத்தது. வீடியோ பார்ப்பவர்களில் கமெண்ட் போடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களும் ஏற்கெனவே பார்த்ததைத்தான் கேட்பார்கள், பார்க்காத ஒன்றை எப்படிக் கேட்பது? ‘இன்னொரு மிக்ஸி வீடியோ போடுங்க அண்ணா’ என்பதற்குள், ‘கடையில் நிறையக் கேட்கிறார்கள், இதை நானே கழற்றலாமா’ என்ற தயக்கம் இருக்கிறது. அந்தத் தயக்கத்தை அயர்ன் பாக்ஸைக் கழற்றிக் காட்டியும் போக்கலாம். கேட்ட பொருளை விட்டுவிட்டு, கேட்டதற்கான காரணத்தைப் பிடித்துக்கொண்டதும் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்தது, வீடியோ போட்ட கையோடு எண்ணிக்கை பார்ப்பது. சேனல் நடத்துகிறவர்களுக்கான யூடியூப் ஸ்டூடியோ, புது வீடியோவை உங்கள் கடைசி 10 வீடியோக்களோடு ஒப்பிட்டு, எத்தனையாவது இடம் என்று காட்டும். 9 என்று வந்தால் அன்று சாப்பாடு இறங்காது. ஆனால் ரிப்பேர், சமையல் மாதிரி விஷயங்களைத் தேவைப்படும்போதுதான் தேடி வருவார்கள், அவை மாதக்கணக்கில் மெதுவாக ஓடும். முதல் சில மணி நேரத்தை வைத்து அவற்றை எடை போடக் கூடாது. ஸ்டூடியோ ஆப்பை போனிலிருந்து எடுத்துவிட்டேன். வாரம் ஒரு முறை கம்ப்யூட்டரில் பார்க்கிறேன், போதும்.

தேதி சொல்லிச் சிக்கிக்கொள்வதும் உண்டு. பிரிட்டனின் டாம் ஸ்காட் 10 ஆண்டுகள் வாராவாரம் வீடியோ போட்டவர். களைத்துவிட்டதை வெளிப்படையாகச் சொல்லி, 2024 ஜனவரி 1 அன்று அந்த வழக்கத்தை நிறுத்திக்கொண்டார். அவருக்கே அப்படியென்றால், வேலைக்கும் போய்க்கொண்டு ராத்திரி எடிட் செய்கிற நாம் ‘தினமும் ஒரு வீடியோ’ என்று வாக்குக் கொடுக்கலாமா? முடித்து வைத்த வீடியோ மூன்று கையில் சேரும்வரை நான் தேதியே சொல்வதில்லை.

வசைகளுக்கு வழி எளிது. ஸ்டூடியோ அமைப்புகளில் தடுக்க வேண்டிய சொற்களைப் போட்டுவிட்டால், அவை உள்ள கமெண்டுகள் வெளியே வராது. தூங்கப் போகும் முன் மட்டும் கமெண்ட் படிக்காதீர்கள்.

இப்போது மாதம் ஒரு வீடியோ எனக்காகவே எடுக்கிறேன். போன மாத ரேடியோ வீடியோவை அதிகம் பேர் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும், தாத்தாவின் ரேடியோவைப் பரணிலிருந்து இறக்கியதாக எழுதியிருந்தார். ஸ்டேஷன் முள்ளை நகர்த்தும் டயல் கயிறு அறுந்திருக்கிறதாம். வரும் ஞாயிறு அதைத்தான் எடுக்கப் போகிறேன்.