ஓபியாய்டு சிகிச்சை ஆய்வைப் படிப்பது எப்படி: முதலில் தலைகளை எண்ணுங்கள்

ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில் போன்ற போதைப்பொருள்கள்) பழக்கத்துக்கு மாதம் ஒரு ஊசி போதும், தினசரி மருந்துக்குச் சமம் என்று ஒரு செய்தி கண்ணில் பட்டால், தலைப்பை நம்பாமல் நேராக ஆய்வுக் கட்டுரைக்குப் போங்கள். முழுசாகப் படிக்கத் தேவையில்லை. எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் யாரைக் கணக்கில் வைத்தார்கள், யார் நடுவில் காணாமல் போனார்கள் என்று மட்டும் தேடுங்கள். பெரும்பாலும் கட்டுரையின் முதல் படமே பெட்டி பெட்டியாக இதைத்தான் காட்டும், அதைத்தான் எல்லாரும் தாண்டிப் போய்விடுவார்கள்.

2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 570 பேர், 24 வாரம். குலுக்கல் முறையில் 283 பேருக்கு மாதாந்திர நால்ட்ரெக்ஸோன் ஊசி, 287 பேருக்கு தினமும் நாக்கடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின்-நலாக்சோன். மருந்தைத் தொடங்கியவர்களை மட்டும் பார்த்தால் மறுபடி போதைக்குத் திரும்பியவர்கள் ஊசிப் பக்கம் 52 சதவீதம், புப்ரெனார்ஃபின் பக்கம் 56. கிட்டத்தட்ட சமம்தான், செய்தி பொய் சொல்லவில்லை.

ஆனால் தொடங்கியவர்கள் எத்தனை பேர்? நால்ட்ரெக்ஸோன் என்பது மூளையில் ஓபியாய்டு வேலை செய்யும் இடத்தை அடைத்துவிடும் மருந்து, அதனால் ஊசி போடுவதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள் எந்த ஓபியாய்டும் எடுக்காமல் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் போதைப்பொருள் விலகும்போது வரும் வித்ட்ராயல் அவதி ஒரேயடியாகக் கிளம்பிவிடும். அந்த ஒரு வாரத்தைத் தாண்டுவதுதான் பலருக்கும் முடியாத காரியம். புப்ரெனார்ஃபின் தானே ஒரு மிதமான ஓபியாய்டு, அதனால் அதற்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம், வித்ட்ராயல் ஆரம்பித்ததுமே கொடுத்துவிடலாம். விளைவு, ஊசிப் பக்கம் 79 பேரால் தொடங்கவே முடியவில்லை, மறுபக்கம் 17 பேர்தான். அந்த 79 பேரில் ஏறக்குறைய எல்லாருமே சீக்கிரத்தில் போதைக்குத் திரும்பினார்கள். சேர்ந்த எல்லாரையும் கணக்கில் எடுத்தால் திரும்பியவர்கள் ஊசிப் பக்கம் 65 சதவீதம், மறுபக்கம் 57 என்று படம் தலைகீழாகிவிடுகிறது. இரண்டு கணக்கும் ஒரே கட்டுரையில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒருவர் இப்போதும் போதையில் இருக்கிறார் என்றால் உங்களுக்கு வேண்டியது இரண்டாவது கணக்கு. ஏற்கெனவே சிகிச்சை மையத்தில் சில வாரம் சுத்தமாக இருந்துவிட்டு வெளியே வருகிறவர் என்றால் முதலாவதும் பயன்படும், மருத்துவரிடம் அதை வைத்துப் பேசலாம்.

சரி, அடுத்தது எதை அளந்தார்கள் என்று பாருங்கள். 2015இல் வந்த யேல் பல்கலைக்கழக ஆய்வில், மருத்துவமனை அவசரப் பிரிவிலேயே புப்ரெனார்ஃபின் ஆரம்பித்துக் கொடுத்தவர்களில் 78 சதவீதம் பேர் 30 நாள் கழித்தும் சிகிச்சையில் இருந்தார்கள். சிகிச்சை மையங்களின் முகவரி மட்டும் கொடுத்து அனுப்பியவர்களில் 37. பெரிய வித்தியாசம், சந்தேகமே இல்லை. ஆனால் சிறுநீர்ப் பரிசோதனையில் குழுக்களுக்கு இடையே தெளிவான வித்தியாசம் வரவில்லை. அதற்காக ஆய்வு தோற்றது என்று சொல்லிவிடாதீர்கள். சிகிச்சையில் இருப்பது வேறு, போதைப்பொருளைத் தொடாமல் இருப்பது வேறு, உயிரோடு இருப்பது வேறு.

மரணத்தை அளக்கத்தான் ரொம்பக் கஷ்டம். அந்த 570 பேர் ஆய்வில் ஓவர்டோஸால், அதாவது அளவுக்கு மீறிப் போதைப்பொருள் எடுத்ததால், இறந்தவர்கள் 5 பேர், இதை வைத்து எந்த மருந்து பாதுகாப்பானது என்று முடிவு கட்ட முடியாது. எண்ணிக்கை சிறிதாக இருந்தும் மறக்க முடியாத ஆய்வு ஒன்று உண்டு. 2003இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு, மொத்தமே 40 பேர். 20 பேருக்கு ஒரு வருடம் புப்ரெனார்ஃபின், மற்ற 20 பேருக்கு ஆறே நாளில் அதைக் குறைத்து நிறுத்திவிட்டு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, ஆலோசனை இரு குழுவுக்கும் ஒன்றுதான். வருட முடிவில் முதல் குழுவில் 75 சதவீதம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள், இரண்டாவதில் ஒருவர்கூட இல்லை, 4 பேர் இறந்தே போனார்கள். மருந்து வேண்டாம், கவுன்சிலிங் போதும் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கடைசியாக, எதோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். ஓவர்டோஸைத் திருப்பும் நலாக்சோன் மூக்கு ஸ்ப்ரேயில் 4 மில்லிகிராமை விட 8 மில்லிகிராம்தான் ஃபென்டனிலுக்குச் சரி என்று விளம்பரம் வந்தால், வெறும் 8 வேலை செய்ததா என்று கேட்காதீர்கள், 4ஐ விட அதிகம் பிழைத்தார்களா என்று கேளுங்கள். நியூயார்க் மாநிலப் போலீசார் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்து 2024இல் வந்த அறிக்கையில் இரு பக்கமும் 99 சதவீதம் பேர் பிழைத்திருந்தார்கள். குலுக்கல் போட்டுப் பிரித்த ஆய்வு இல்லைதான். ஆனாலும் 8 மில்லிகிராம் பக்கம் கூடுதலாகக் கிடைத்தது வாந்தியும் வித்ட்ராயலும்தான்.