கட்டியை முதலில் எடுத்துவிடலாம் என்ற அவசரம்: மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்பில் கட்டி தட்டுப்பட்டதும் வீட்டில் எழும் முதல் பேச்சு, "எதுவா இருந்தாலும் முதல்ல எடுத்துடுங்க டாக்டர்" என்பதுதான். சில நர்சிங் ஹோம்களில் அப்படியே அரை மணி நேரத்தில் கட்டியை எடுத்து, நான்கு தையல் போட்டு, மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சில நாள் கழித்துப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வருகிறது. சிகிச்சையைத் திட்டமிடத் தேவையான விவரங்களில் பாதி அதற்குள் அந்தக் கட்டியோடு போய்விட்டிருக்கும். எத்தனை சென்டிமீட்டர் இருந்தது, எந்த இடத்தில் இருந்தது, தோலையோ தசையையோ பற்றியிருந்ததா, எடுத்த சதையின் ஓரம் சுத்தமாக இருந்ததா என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. இரண்டாவது அறுவை சிகிச்சை தேவைப்படும். மார்பைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சிலருக்கு அந்த வாய்ப்பும் கைநழுவும்.

இந்த நோயில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன. கத்தி படும் முன்பே முடிவாக வேண்டியவை பல இருக்கின்றன. வரிசை மாறினால் பிறகு எவ்வளவு செலவழித்தாலும் சிலவற்றைத் திரும்பப் பெற முடியாது.

சரியான வரிசை இதுதான். முதலில் மருத்துவர் கையால் இரு மார்பையும் அக்குளையும் பரிசோதிப்பார். அடுத்து மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) அல்ட்ராசவுண்டும். ஊசி போட்ட பிறகு ரத்தம் கட்டினால் படம் குழம்பிவிடும் என்பதால் படத்தை எடுத்த பிறகே ஊசி. அந்த ஊசி மெல்லிய ஊசியாக இருந்தால் போதாது. மெல்லிய ஊசியில் தனித்தனி செல்கள் மட்டுமே வரும். அதை வைத்துப் புற்றுநோயாக இருக்கலாம் என்று சொல்ல முடியும். சுற்றியுள்ள சதைக்குள் ஊடுருவியிருக்கிறதா என்று சொல்ல முடியாது. தேவைப்படுவது கோர் பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டு, சற்றுத் தடித்த 14 கேஜ் ஊசியால் நான்கைந்து சதைத் துண்டுகள் எடுப்பார்கள். தையல் கிடையாது, அன்றே வீட்டுக்குப் போகலாம்.

"ஊசி குத்தினால் பரவிவிடும்" என்ற பயத்தில் கோர் பயாப்சியை மறுத்துவிட்டு, நேரே அறுவைக்குச் சம்மதிப்பவர்கள் நிறையப் பேர். கோர் பயாப்சி செய்வதால் நோயாளியின் ஆயுள் குறைவதில்லை. உலகெங்கும் இதைச் செய்துவிட்டுத்தான் சிகிச்சை தொடங்குகிறார்கள்.

எடுத்த சதையை என்ன செய்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். சதை கெடாமல் காக்கும் 10 சதவீத பஃபர் ஃபார்மலினில், ஒரு மணி நேரத்துக்குள், சதையின் அளவைப் போலப் பத்து மடங்கு திரவத்தில் போட வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் ஊற வேண்டும். சலைனில் போட்டுச் சொந்தக்காரர் கையில் கொடுத்துப் பஸ்ஸில் அனுப்பினால், ஈ.ஆர்., பி.ஆர். (ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரான் ஹார்மோன்களைப் பற்றும்) ஏற்பிகள் சிதைந்து, உள்ளபடியே ஹார்மோன் ஏற்பி உள்ள கட்டி 'நெகட்டிவ்' என்று வரலாம். அந்த ஒரு சொல்லால் ஐந்து முதல் பத்து ஆண்டு வேலை செய்ய வேண்டிய ஹார்மோன் மாத்திரை அவருக்கு எழுதப்படாமலே போகும். கட்டியை வேகமாக வளரச் செய்யும் ஹெர்-2 என்ற ஏற்பிக்கான பரிசோதனையில் '2+' என்று வந்தால் அதை நெகட்டிவ் என்றும் பாசிட்டிவ் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது; ஹெர்-2 மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை செய்து உறுதிசெய்ய வேண்டும். மெழுகில் பதித்த பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வேறு மருத்துவமனைக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.

இதற்கெல்லாம் ஒன்றிரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரத்தால் கெடுதல் இல்லை. நாட்டு மருந்து பார்க்கலாம், திருவிழா முடியட்டும், பெண்ணின் கல்யாணம் முடியட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளுவதுதான் கெடுதல். 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு, மார்பக அறுவை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் ஏறக்குறைய 8 சதவீதம் கூடுவதாகக் கணக்கிட்டது.

கீமோ முதலில் என்றால் பயப்படுவது

"அறுவை செய்ய முடியாத அளவு முற்றிவிட்டதா, அதனால்தான் கீமோ முதலில் தருகிறார்களா?" என்று குடும்பத்தார் கலங்குவது உண்டு. ஹெர்-2 பாசிட்டிவ் கட்டி, மூன்று ஏற்பிகளும் இல்லாத டிரிப்பிள் நெகட்டிவ் கட்டி ஆகிய இரண்டிலும், அளவு இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ அக்குளில் நெறி கட்டியிருந்தாலோ, கத்திக்கு முன் மருந்து என்பதே இன்றைய வழக்கம். கட்டி சுருங்கினால் மார்பைக் காப்பாற்றலாம் என்பது ஒரு காரணம். மருந்துக்குக் கட்டி கரைந்ததா இல்லையா என்பது பின்னால் தர வேண்டிய மருந்தைத் தீர்மானிக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

2019இல் வெளியான கேத்தரீன் ஆய்வில், கீமோவுக்குப் பிறகும் கட்டியில் மிச்சம் இருந்த 1,486 ஹெர்-2 பாசிட்டிவ் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஹெர்-2ஐத் தாக்கும் வழக்கமான டிராஸ்டுசுமாப் மருந்தைத் தொடர்ந்தவர்களில் 77 சதவீதம் பேரும், அதோடு கீமோ மருந்தை இணைத்த டி-டி.எம்.1 மருந்துக்கு மாறியவர்களில் 88.3 சதவீதம் பேரும் மூன்று ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தார்கள். முதலிலேயே கட்டியை எடுத்துவிட்டால் மிச்சம் இருந்திருக்குமா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அந்தப் பதினொரு சதவீதத்துக்கான கதவும் மூடிவிடும். டிரிப்பிள் நெகட்டிவில் கீநோட்-522 ஆய்வு, கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற, நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்தை அறுவைக்கு முன்பே சேர்த்தபோது ஐந்தாண்டு உயிர்வாழ்வு 81.7 சதவீதத்திலிருந்து 86.6 சதவீதமாக உயர்ந்ததைக் காட்டியது. இதன் விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. அது தனித் துயரம்.

கீமோ தொடங்கும் முன் செய்ய மறப்பது ஒன்று உண்டு. கட்டிக்குள் சிறு உலோகக் கிளிப் வைக்க வேண்டும். கட்டி முழுவதும் கரைந்துபோனால் எங்கே வெட்டுவது என்று அறுவை மருத்துவருக்கு அடையாளம் இருக்காது; கிளிப் இல்லாததால் முழு மார்பையும் எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு. இதற்கென்றே விற்கும் கிளிப்பின் விலை கட்டுப்படியாகாத இடங்களில், அறுவையில் ரத்தக்குழாயைக் கட்டப் பயன்படும் சிறு டைட்டானியக் கிளிப்பையே ஊசி வழியாக வைக்கிறார்கள். முதல் கீமோவுக்கு முன்பே இதைக் கேளுங்கள்.

கட்டி கரைந்ததைக் கண்டு, இனி அறுவை வேண்டாம் என்று நின்றுவிடுவது இன்னொரு தவறு. கைக்குத் தட்டுப்படாததும் ஸ்கேனில் தெரியாததும் நுண்ணோக்கியில் தெரியக்கூடும். அறுவையைத் தவிர்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன. 2022இல் லான்செட் ஆங்காலஜியில் வந்த ஆய்வில், கீமோவுக்குப் பிறகு வெற்றிட ஊசியால் பலமுறை சதை எடுத்துப் பார்த்து எதுவும் இல்லாத 31 பேருக்குக் கதிர்வீச்சு மட்டும் கொடுத்தார்கள்; இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் யாருக்கும் நோய் திரும்பவில்லை. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் ஆய்வுக்கு வெளியே அதைப் பின்பற்ற 31 பேர் போதாது.

முழுசா எடுத்தால்தான் நிம்மதியா?

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய பி-06 ஆய்வும், இத்தாலியின் மிலானில் 1973இல் தொடங்கிய ஆய்வும் தங்கள் இருபதாண்டு முடிவை 2002இல் வெளியிட்டன. முழு மார்பை எடுத்தவர்களும், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களும் ஒரே அளவு காலம் வாழ்ந்தார்கள். நோயாளியின் ஆயுள் தீர்மானமாவது பெரும்பாலும் ரத்தத்தில் கலந்து வேறிடம் போன செல்களால். மார்பில் எத்தனை கிராம் சதை விட்டுவைத்தோம் என்பதால் அல்ல.

அதே பி-06 ஆய்வு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சைத் தவிர்த்தவர்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. கதிர்வீச்சு பெற்றவர்களில் 14.3 சதவீதம். இன்றைய மருந்துகளோடு இரண்டு எண்களும் குறைந்துவிட்டன, இடைவெளி மட்டும் மறையவில்லை. எனவே 'கரண்ட்' (கதிர்வீச்சு) வைத்துக்கொள்ள வர முடியாது என்று தெரிந்தால் அதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஐந்தாறு வாரம் ஊரை விட்டுத் தங்க வேண்டுமே என்ற பயம் இப்போது பழையது. மூன்று வாரத்தில் 15 முறை என்பது பரவலாகிவிட்டது. பிரிட்டனின் ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வு 4,096 பேரிடம், ஒரே வாரத்தில் ஐந்து முறையாக 26 கிரே (கதிர்வீச்சின் அளவு) கொடுத்தாலும் ஐந்தாண்டுக் கட்டுப்பாடு குறையவில்லை என்று 2020இல் காட்டியது. 65 வயதைத் தாண்டிய, மூன்று சென்டிமீட்டருக்கு மிகாத, அக்குளில் பரவாத, ஹார்மோன் ஏற்பியுள்ள கட்டிக்காரர்கள் கதிர்வீச்சே இல்லாமல் ஹார்மோன் மாத்திரையோடு இருக்கலாமா என்று பிரைம்-2 ஆய்வு பார்த்தது. பத்தாண்டு உயிர்வாழ்வில் வேறுபாடு இல்லை. மார்பில் திரும்புவது 0.9 சதவீதத்திலிருந்து 9.5 ஆனது. மாத்திரையை ஒழுங்காகப் போடுவோருக்கு மட்டுமே பொருந்தும் கணக்கு இது.

நோயில்லாத மறு மார்பையும் சேர்த்து எடுக்கச் சொல்வது இப்போது கூடிவருகிறது. 2024இல் ஜாமா ஆங்காலஜியில் வந்த பெரிய ஒப்பீட்டில், கட்டியை மட்டும் எடுத்தவர், ஒரு மார்பை எடுத்தவர், இரண்டையும் எடுத்தவர் ஆகிய மூன்று குழுவிலும் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 8.5 முதல் 9.1 சதவீதத்துக்குள்தான் இருந்தார்கள். பரம்பரையாக வரும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ளவர்களின் நிலை வேறு. அதனால்தான் டிரிப்பிள் நெகட்டிவ் என்றாலோ குடும்பத்தில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்தாலோ அந்த மரபணுவுக்கான ரத்தப் பரிசோதனையை அறுவைக்கு முன்பே அனுப்ப வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலையும் சொல்ல வேண்டியது. எலும்பிலோ ஈரலிலோ பரவிவிட்ட நிலையிலும், மார்பில் உள்ளதையாவது எடுத்துவிடுங்கள் என்று குடும்பம் வற்புறுத்தும். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 350 பெண்களிடம் இதை நேரடியாகச் சோதித்து 2015இல் வெளியிட்டது: மார்பு அறுவையால் ஆயுள் கூடவில்லை. புண்ணாகி ரத்தம் கசிந்தால் அறுவை செய்வது வேறு. ஆயுளை நீட்டும் என்று நம்பி, மருந்தைத் தள்ளிவைத்துச் செய்வது வேறு.

அறுவைக்குச் சம்மதித்தவர்கள் மருத்துவரிடம் கேட்கக்கூடிய இன்னொன்றும் டாடா மெமோரியல் நடத்திய ஆய்விலிருந்து வந்ததே. கத்தி வைப்பதற்கு 7 முதல் 10 நிமிடம் முன், கட்டியைச் சுற்றி 0.5 சதவீத லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகும் ஊசி. 2023இல் வெளியான முடிவில், 1,583 பேரில் ஊசி பெற்றவர்களின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 90.1 சதவீதம், பெறாதவர்களுடையது 86.4. முதலில் கீமோ எடுக்காமல் நேரே அறுவைக்குப் போனவர்களிடம் கிடைத்த முடிவு இது. வேறு ஆய்வுகள் இதை உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் மலிவான மருந்து என்பதால் கேட்டுப்பார்ப்பதில் இழப்பில்லை.

அக்குள்

அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்கள் அனைத்தையும் வழித்தெடுப்பது ஒரு காலத்தில் எல்லாருக்கும் நடந்தது. கை வீக்கம், மரத்துப்போதல், தோள் இறுக்கம் என்று வாழ்நாள் முழுதும் அதன் விலையைக் கொடுத்தவர்கள் ஏராளம். இன்று முதலில் பார்ப்பது சென்டினல் கணுவை: நீலச் சாயமோ கதிரியக்கத் திரவமோ செலுத்தி, மார்பிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு கணுக்களைக் கண்டுபிடித்து எடுப்பார்கள். (மறுநாள் சிறுநீர் பச்சை நீலமாகப் போனால் திடுக்கிட வேண்டாம், சாயம்தான்.) ஒன்று அல்லது இரண்டு கணுவில் நோய் இருந்தாலும் மிச்சத்தை விட்டுவிடலாம் என்று அமெரிக்காவின் இசட்-0011 ஆய்வு 2017இல் பத்தாண்டு முடிவோடு சொன்னது. முழு மார்பை எடுத்தவர்களையும் சேர்த்துக்கொண்ட சுவீடனின் செனோமேக் 2024இல் அதையே உறுதிப்படுத்தியது. இன்னும் ஒருபடி மேலே போய், சிறிய கட்டி, ஸ்கேனில் சுத்தமான அக்குள் என்றால் சென்டினல் கணுவைக்கூட எடுக்க வேண்டாம் என்று சவுண்ட், இன்சேமா என்ற ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியுள்ளன. இன்சேமாவில் கை வீக்கம் 5.7 சதவீதத்திலிருந்து 1.8 ஆகக் குறைந்தது.

செய்தியைப் படித்துவிட்டு, "எனக்கும் அக்குளைத் தொடாதீங்க" என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வுகளில் அக்குளில் கைக்குத் தட்டுப்படும் கணு உள்ளவர்கள் இல்லை. கீமோவை முதலில் எடுத்தவர்களும் இல்லை. செனோமேக்கில் அக்குளை விட்டுவைத்த பெரும்பாலோருக்கு அங்கே கதிர்வீச்சு கொடுத்திருந்தார்கள். முதலில் கணுவில் நோய் இருந்து கீமோவில் மறைந்தவர்களுக்குச் சென்டினல் பார்ப்பதானால் சாயம், கதிரியக்கத் திரவம் இரண்டையும் சேர்த்து, குறைந்தது மூன்று கணு எடுக்க வேண்டும். ஒன்றோடு நிறுத்தினால் மிச்சத்தைத் தவறவிடும் வாய்ப்பு அதிகம்.

மாத்திரையும் கையும்

ஹார்மோன் மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதால் போகும் உயிர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஐந்தாண்டு டாமாக்சிஃபென் (ஹார்மோன் ஏற்பியைத் தடுக்கும் மாத்திரை) பதினைந்து ஆண்டுக் கணக்கில் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. மூட்டு வலி, உடல் எரிச்சல் என்றால் நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றுவார். மனச்சோர்வுக்குப் பராக்ஸடின், ஃப்ளூவாக்ஸடின் எடுத்தால் டாமாக்சிஃபென் உடலில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவது தடைபடும். எழுதித்தருபவரிடம் இதைச் சொல்லுங்கள். நாற்பதுகளில் உள்ளவருக்குக் கீமோவில் மாதவிடாய் நின்றதை வைத்து, மாதவிடாய் முற்றிலும் நின்றவர்களுக்கான லெட்ரோசோல் மாத்திரையை எழுதுவதும் நடக்கிறது. சினைப்பை தற்காலிகமாகத் தூங்கியிருந்தால் அந்த மாத்திரை அதை எழுப்பிவிடும். பலனும் இருக்காது, கருத்தரிக்கவும் கூடும்.

அறுவைக்குப் பிறகு காயத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் டியூபில் 24 மணி நேரத்தில் வருவது ஏறக்குறைய 30 மில்லிக்குக் கீழே இறங்கிய பிறகே அதை எடுப்பார்கள். தினமும் ஒரே நேரத்தில் அளந்து எழுதிவையுங்கள். கையை அசைக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தால் ஒரு மாதத்தில் தோள் இறுகி, கதிர்வீச்சு மேசையில் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் தேதி தள்ளிப்போகும். மறுநாளிலிருந்தே விரல், முழங்கை அசைவு. டியூப் எடுத்ததும் சுவரில் விரலை நடத்தி மேலே ஏற்றும் பயிற்சி. எடையே தூக்கக் கூடாது என்பதும் பழைய அறிவுரை: 2009இல் வந்த ஆய்வில், கை வீங்கியிருந்த பெண்கள் வாரம் இருமுறை படிப்படியாக எடை தூக்கியும் வீக்கம் கூடவில்லை. அந்தக் கையில் அரிவாள்மனை கீறினால் சோப்புப் போட்டுக் கழுவி மருந்திடுங்கள். கை சிவந்து, சூடாகி, குளிர்காய்ச்சல் வந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம்; அன்றே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும்.