படைத் துப்பாக்கிச் சாயலில் ஒரு புதிய காற்றுத் துப்பாக்கி: முதல் நாள் சுடுவது எப்படி?

கறுப்புப் பிளாஸ்டிக் பிடங்கும் (தோளில் ஊன்றும் கட்டைப்பகுதி) நீண்ட குழலுமாக, படையினர் ஏந்தும் துப்பாக்கியின் சாயலில் செய்யப்பட்ட, சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கியை இலக்குச் சுடும் பயிற்சிக்காகப் புதிதாக வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். இத்தகைய துப்பாக்கியை முதன்முதலில் சுட்டுப் பார்ப்பவர்கள் ஏறக்குறைய எல்லோருமே ஒரே முறைப்பாட்டைச் சொல்வார்கள்: சரியாகத்தான் குறி பார்த்தேன், ஆனால் குண்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போகிறது. பெரும்பாலான வேளைகளில் துப்பாக்கியில் ஒரு பழுதும் இருப்பதில்லை. பார்வைக்குப் படைத் துப்பாக்கியாக இருப்பதால் அதைப் படையினரைப் போலவே இறுக்கிப் பிடிக்கிறோம். அந்தப் பிடிதான் குறியைக் கெடுக்கிறது. அதை விரிவாகச் சொல்வதற்கு முன், ஒரு குண்டைக்கூடச் சுடாமல் முடிக்க வேண்டிய சில வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, ஆவணங்கள்

இலங்கையில் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்துவது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். துளைக்கும் வலு கூடிய காற்றுத் துப்பாக்கியும் அதன் வரம்புக்குள் வரக்கூடும் என்பதால், உங்களிடம் இருக்கும் மாதிரிக்கு அனுமதிப்பத்திரம் தேவையா என்பதை உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் நேரில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். விற்றவரின் வாய்ச்சொல் போதாது. வாங்கிய பற்றுச்சீட்டை எப்போதும் உடன் வைத்திருங்கள். ஐம்பது அடி தூரத்தில் நிற்பவருக்கு இது காற்றுத் துப்பாக்கியா படைத் துப்பாக்கியா என்று தெரியாது. 2009 வரை போரைக் கண்ட நாட்டில், ஒரு தமிழ் இளைஞன் இப்படியொரு பொருளைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையகத்து ஹட்டன் வீதியிலோ தேயிலைத் தோட்டத்துப் பாதையிலோ நடப்பது எவ்வளவு பெரிய விபரீதத்துக்கு இடமளிக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மூடிய உறையில், குண்டில்லாமல், சுருள்வில் தளர்ந்த நிலையில் மட்டுமே கொண்டு செல்லுங்கள். சுடப்போகும் இடத்துக்கு அருகில் இருப்பவர்களிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் முன்கூட்டியே சொல்லி, இணக்கம் பெற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இடம்

வீதி அமைப்பதற்காகவோ தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயம் கட்டுவதற்காகவோ மலையைச் செங்குத்தாக வெட்டிய மண்சுவர்கள் நம்மூரில் பல இடங்களில் உண்டு. ஈரமான செம்மண் சுவர் குண்டை அப்படியே விழுங்கிக்கொள்ளும். ஆனால் அதில் கருங்கல் துருத்திக்கொண்டிருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், ஏனெனில் கல்லில் பட்ட ஈயக்குண்டு சுட்டவரை நோக்கியே திரும்பி வரலாம். மேட்டின் உச்சியில் ஒற்றையடிப் பாதை இருக்கக்கூடாது. பக்கத்து மலையில் கொழுந்து பறிப்பவர்கள் இருக்கக்கூடாது. சரிவில் மேலிருந்து கீழ்நோக்கிச் சுடுவதையும் தவிருங்கள்: குறி தவறிய குண்டு சில நூறு மீற்றர் பறந்து, பள்ளத்தில் தேயிலைச் செடிகள் மறைத்திருக்கும் யாரோ ஒருவர் மீது படலாம். மூடுபனி இறங்கி இலக்குக்குப் பின்னால் இருப்பது தெரியாமல் போனால், அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது.

பழைய துணியை இறுக்கி அடைத்த தடித்த மரப்பெட்டி ஒன்றை மண்சுவருக்கு முன்னால் வைத்து, அதன் முகப்பில் காகித இலக்கை ஒட்டுங்கள். தூரம் 10 மீற்றர் போதும். ஒலிம்பிக் போட்டியில் 1984 முதல் இடம்பெறும் காற்றுத் துப்பாக்கிப் பிரிவும் அதே 10 மீற்றரில்தான் நடைபெறுகிறது. அங்கே பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டின் விட்டம் வெறும் அரை மில்லிமீற்றர். சுடுபவரும் அருகில் நிற்பவரும் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். குரங்கையோ மரஅணிலையோ பறவையையோ இலக்காக்க நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது.

மூன்றாவது, புதுத் துப்பாக்கியைச் சுத்தம் செய்தல்

தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் குழலுக்குள் தங்கியிருக்கும். மெல்லிய பருத்தித் துணித்துண்டுகளைக் குழல் வழியாக இழுத்து, துணி சுத்தமாக வரும்வரை துடையுங்கள். மேலும் எண்ணெய் விடாதீர்கள். இந்தத் துப்பாக்கிக்குள் வெடிமருந்து கிடையாது. விசையை அழுத்தியதும் சுருள்வில் ஓர் உந்துதண்டை முன்னே தள்ள, அது காற்றை நொடிப்பொழுதில் நெருக்கிக் குண்டின் பின்னால் செலுத்துகிறது. அப்படித் திடீரென நெருக்கப்படும் காற்று கடுமையாகச் சூடேறும். அங்கே எண்ணெய் இருந்தால் டீசல் இயந்திரத்தில் நடப்பதைப் போலவே அது தீப்பற்றி, பலத்த ஓசையும் புகையும் எழும். முதல் சில சுடுகளில் இலேசான புகையும் கருகிய வாடையும் வருவது இயல்பு. அது தொடர்ந்தால் உள்ளிருக்கும் அடைப்பு வளையம் கெட்டுவிடும். பிடங்கைக் குழலுடன் இணைக்கும் திருகாணிகளையும் இப்போதே சரிபாருங்கள், ஏனெனில் அவை அதிர்வில் தளரும் வழக்கமுடையவை.

நான்காவது, குண்டு ஏற்றுதல்

குழலை மடக்கிச் சுருள்வில்லை இழுக்கும் வகைத் துப்பாக்கிதான் தொடக்கநிலையாளர்களிடம் அதிகம் இருக்கிறது. மடக்கும்போது அது தரும் எதிர்ப்பு முதல் நாளில் எல்லோரையும் வியக்க வைக்கும். கைகள் களைத்துவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். களைத்த கையால் சுட்டு எதையும் கற்றுக்கொள்ள முடியாது. குண்டை வைக்கும் நேரம் முழுவதும் மற்றக் கையால் குழலை விடாமல் பிடித்திருக்க வேண்டும், ஏனெனில் தடுப்பு நழுவினால் குழல் வேகமாக மேலெழுந்து விரலை நசுக்கும். குழலின் விட்டத்துக்கு ஏற்ற 4.5 அல்லது 5.5 மில்லிமீற்றர் ஈயக்குண்டைக் கட்டைவிரலால் மட்டமாக அழுத்தி உட்காரச் செய்யுங்கள். குண்டில்லாமல் ஒருபோதும் சுடாதீர்கள்: குண்டின் தடையால் உருவாகும் காற்றழுத்தமே உந்துதண்டுக்கு மெத்தை, அது இல்லையென்றால் உலோகம் உலோகத்தில் மோதும்.

ஐந்தாவது, பிடி

தியத்தலாவையில் பயிற்சி பெறும் படைவீரர் பிடங்கைத் தோளில் இறுக்கி அழுத்திக்கொள்வார். வெடிமருந்துத் துப்பாக்கி ஒரே திசையில், பின்னோக்கித்தான் உதைக்கும் என்பதால், இறுக்கமான பிடி அங்கே பொருத்தமானது. சுருள்வில் துப்பாக்கியோ இரண்டு திசைகளில் உதைக்கிறது. கனமான உந்துதண்டு முன்னோக்கிப் பாயும்போது துப்பாக்கி முழுவதும் பின்னோக்கி நகர்கிறது. தண்டு காற்று மெத்தையில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னோக்கி இழுபடுகிறது. இந்த அசைவு தொடங்கும்போது குண்டு இன்னும் குழலுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதான் முக்கியம். இறுக்கிப் பிடித்தால், உங்கள் கைகளின் அழுத்தம் அந்த அசைவை ஒவ்வொரு முறையும் வேறு வேறு பக்கம் திருப்பிவிடும். ஒரே அளவு வலுவுடன் இரண்டு முறை இறுக்கிப் பிடிக்க மனிதக் கையால் இயலாது. ஒரே அளவு தளர்வாக விடுவது இயலும்.

ஆகவே இடது உள்ளங்கையை விரித்து, துப்பாக்கியின் எடை சமநிலையில் நிற்கும் இடத்துக்குக் கீழே ஒரு திண்ணை போல வையுங்கள். விரல்கள் பிடங்கைச் சுற்றி வளைய வேண்டாம். பிடங்கின் அடிப்பகுதி தோளைத் தொட்டால் போதும். வலக்கையில், விசையை இயக்கும் சுட்டுவிரலைத் தவிர மற்றவை மென்மையாகவே இருக்கட்டும். கன்னத்தையும் பிடங்கின் மேல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், அழுத்தாமல் வையுங்கள். துப்பாக்கி கையில் தன்பாட்டுக்கு ஆடட்டும். மேசையில் ஊன்றிச் சுடுவதாக இருந்தாலும் பிடங்கை மரப்பலகை மீது நேரடியாக வைக்காதீர்கள். கையை மணல்பையின் மீது வைத்து, கையின் மீது துப்பாக்கியை வையுங்கள். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்து ஐந்து குண்டுகள் சுட்டுப் பாருங்கள். உள்ளங்கையளவு சிதறிய துளைகள் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவை நோக்கி நெருங்கத் தொடங்குவதைப் பார்க்கும்போது, நான் ஏன் இதையே இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது புரியும்.

விசையை வெடுக்கென்று இழுக்காமல், மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, மெதுவாக அழுத்துங்கள். புதுத் துப்பாக்கியின் விசை கரகரப்பாகவும் கனமாகவும் இருக்கும், நாளடைவில் இலகுவாகும். சுட்ட பின்பும் ஓரிரு நொடிகள் குறியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

ஆறாவது, குறியைத் திருத்துதல்

துளைகள் ஓரிடத்தில் கூடும்வரை குறிபார்க்கும் முள்ளைத் தொடவே கூடாது. ஒவ்வொரு குண்டுக்கும் முள்ளைத் திருகுபவர் எதையும் திருத்துவதில்லை. ஐந்து துளைகள் ஒன்றுசேர்ந்து, அவற்றின் நடு இலக்குக்கு இடப்புறமாக இருந்தால், பின்முள்ளை வலப்புறம் நகர்த்துங்கள். தாழ்ந்திருந்தால் பின்முள்ளை உயர்த்துங்கள். குண்டு எந்தத் திசையில் போக வேண்டுமோ பின்முள் அந்தத் திசையில் நகர வேண்டும், முன்முள்ளுக்கு இது தலைகீழ். இரு முட்களுக்கும் இடையே 45 சென்ரிமீற்றர் இருந்தால், பின்முள்ளை 1 மில்லிமீற்றர் நகர்த்துவது 10 மீற்றரில் ஏறத்தாழ 22 மில்லிமீற்றர் மாற்றத்தைத் தரும். ஆகவே சிறிது சிறிதாகத் திருகி, மீண்டும் ஐந்து சுட்டுப் பாருங்கள். தொலைநோக்கி பொருத்தும் ஆசையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். இருதிசை உதைப்பைத் தாங்கும் வகையில் செய்யப்படாத தொலைநோக்கிகள் இந்தத் துப்பாக்கிகளில் விரைவில் பழுதாகின்றன.

கடைசியாக, வீடு திரும்பியதும்

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் துருதான் பெரிய எதிரி. வியர்வை பட்ட உலோகத்தில் ஓர் ஈர இரவிலேயே செம்புள்ளிகள் தோன்றிவிடும். வெளிப்புற உலோகத்தை மட்டும் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உறையிலிருந்து எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்; நனைந்த உறைக்குள் மூடி வைப்பது மழையில் விட்டுவைப்பதற்குச் சமம். சுருள்வில்லை இழுத்த நிலையில் விடாதீர்கள். துப்பாக்கியையும் குண்டுகளையும் தனித்தனியாக, பிள்ளைகளின் கைக்கு எட்டாதவாறு பூட்டி வையுங்கள். குண்டு ஈயத்தால் ஆனது, அது நஞ்சு. தேநீரையோ ரொட்டியையோ தொடுவதற்கு முன்னர் சவர்க்காரம் போட்டுக் கைகளை நன்றாகக் கழுவுங்கள்.