மணி கோத்து ஆன்டிபாடி செய்வோம்

"வரப்போகும் கிருமி எதுவென்றே தெரியாமல் உடம்பு எப்படி மாமா ஆன்டிபாடியைத் தயாராக வைத்திருக்கும்?" எஸ்பிஎம் (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) எழுதப்போகும் அக்கா மகளின் கேள்வி. ஆன்டிபாடி என்பது கிருமியில் ஒட்டி அதைத் தடுக்கும் புரதம். அன்று மாலையே பினாங்கு லிட்டில் இந்தியாவில் பாசிமணி வாங்கிவிட்டோம். நீங்களும் மணி, நூல், 1 முதல் 6 வரை எண் உள்ள ஒரு தாயக்கட்டையோடு உட்காருங்கள்.

படி 1: சிவப்பு மணி 40, மஞ்சள் 23, பச்சை 6. தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு, ஒவ்வொரு மணியிலும் எண் எழுதுங்கள். இவைதான் வி, டி, ஜே என்னும் மரபணுத் துண்டுகள். மனிதரிடம் ஏறக்குறைய இத்தனை உண்டு. (இந்த 'டி'க்கும் பின்னால் வரும் டி செல்லுக்கும் சம்பந்தமில்லை.) கண்ணை மூடிக் கிண்ணத்துக்கு ஒன்றாக எடுத்து நூலில் கோத்துவிடுங்கள். ஆன்டிபாடி செய்யும் வெள்ளணுவான பி செல்லும் தன் டிஎன்ஏவை வெட்டி இப்படித்தான் ஒட்டுகிறது. 40 × 23 × 6 = 5,520 விதம். இதைக் கண்டறிந்த சுசுமு தொனெகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது.

படி 2: இதுவரை கோத்தது ஆன்டிபாடியின் பெரிய சங்கிலி. அதற்கு இன்னொரு சிறிய சங்கிலியும் உண்டு. அதில் சுமார் 320 விதம். பெருக்கினால் 17 லட்சத்தைத் தாண்டும்.

படி 3: உண்மையான வேடிக்கை முடிச்சில்தான். ஏதாவது இரு மணிகளுக்கு நடுவே ஒருமுறை தாயம் உருட்டி, விழுந்த எண்ணுக்கு வெள்ளை மணி சேருங்கள். ஒரு வெள்ளை மணி ஒரு டிஎன்ஏ எழுத்து. உடம்பிலும் ஒட்டும் இடத்தில் டிஎன்ஏ எழுத்துகள் கொஞ்சம் கழியும், கொஞ்சம் இஷ்டத்துக்குச் சேரும். விதங்கள் எண்ணி மாளாத அளவுக்குப் பெருகுவது இங்கேதான். ஆனால் டிஎன்ஏ மும்மூன்று எழுத்தாகவே படிக்கப்படும். 3 அல்லது 6 விழாவிட்டால் அந்த நூல் வீண். எங்கள் முதல் ஆறில் நான்கு குப்பைக்குப் போயின. பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. உடம்பிலும் மூன்றில் இரண்டு பங்கு இப்படித்தான் வீணாகும். குரோமோசோம்கள் ஜோடியாக இருப்பதால், மற்றொன்றில் செல் மறுபடி முயலும்.

படி 4: இன்னொரு வகை வெள்ளணுவான டி செல்லில், கிருமியைக் கண்டுகொள்ளும் புரதமான ஏற்பிக்கும் இதே வேலைதான், அதன் ஒரு சங்கிலிக்கு மட்டும் மஞ்சள் கிண்ணம் வேண்டாம். ஆனால் அது கிருமியை முழுசாகப் பார்க்காது, செல்லின் மேல் காட்டப்படும் புரதத் துணுக்கைத்தான் பார்க்கும். அப்புறம், டி செல்லின் ஏற்பி கோத்தபடியே இருக்கும். பி செல்லோ கிருமியைச் சந்தித்த பிறகும் எழுத்துகளை மாற்றி மாற்றி இன்னும் இறுக்கமாகப் பொருந்தப் பார்க்கும்.

படி 5: களிமண்ணில் ஒரு நூலை அழுத்தித் தடம் எடுங்கள். அதுதான் கிருமி. நூல்களைக் கலைத்துவிட்டு, அதற்குப் பொருந்துவதைத் தேடுங்கள். நேரமாகும். பொருந்திய செல்லைத் தேடிப் பிடித்துப் பெருக்க உடம்புக்கும் நாள்கள் பிடிக்கும்.

அரைகுறையாகப் பொருந்துவதில் ஆபத்தும் உண்டு. டிங்கி (டெங்கு) வைரஸ் நான்கு வகை. ஒரு வகைக்கு உருவான ஆன்டிபாடி இன்னொரு வகையில் ஒட்டும், ஆனால் தடுக்காது. சில வெள்ளணுக்களுக்குள் வைரஸ் நுழைய அதுவே கைப்பிடி ஆகிவிடும். இரண்டாவது டிங்கி மோசமாகக்கூடும் என்பது இதனால்தான். முன்பு வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.